பின் சீற்றில் இருந்தவளின் முடிவு

ரயர் கருகும் மணம் எங்கே வந்தாலும், வாகரை வீதியில் கண்ட எருமைக் கூட்டம் எனக்கு நினைவுக்கு வரும்.

என் மனைவி கதிரவெளியில் ஆசிரியை. களுதாவளையிலிருந்து திங்களில் கொண்டுபோய் விட்டு, வெள்ளியில் கூட்டிவருவது என் வேலை. காற்றோடு போட்டிபோட்டு ஓடும் ஆசையில் வேகமான மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். கடை வாசலில் பத்து நிமிடம் தனியே ஏறி இருந்து பார்த்ததுதான் நான் செய்த சோதனை.

அது குனிந்து ஓட்டும் வண்டி. முதல் திங்களிலேயே உடற்பாரமெல்லாம் கைகளில் இறங்கி அவை விறைத்துவிட்டன. பின்னால் இருந்தவளிடம் சொல்ல வெட்கப்பட்டு, நிறுத்தாமல் ஓட்டினேன். அப்போதுதான் எருமைகள் வீதியில் ஏறின. முன்பிரேக்கைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. பின்பிரேக்கைக் காலால் மிதித்து, ரயர் கருகச் சறுக்கிப்போய், கடைசி எருமைக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

நான் விரல்களை நீவுவதைப் பார்த்தபடி அவள் இறங்கினாள். “கை விறைச்சா வாயுமா விறைச்சுப்போகும்? இனி நான் பஸ்ஸிலதான்.”

பிறகு வாவிப் பாலத்தில் தனியே ஓடிப் பார்த்தேன். காற்று அதே காற்றுத்தான், கதைக்க ஆளில்லை.

வண்டியை மாற்றினேன். இந்த முறை, கெஞ்சிக் கூத்தாடி அவளையும் அவளுடைய பையையும் ஏற்றி, ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்த்தே வாங்கினேன். நிமிர்ந்து இருந்து ஓட்டலாம். பின் சீற்றும் அகலம். அவள் திங்களில் மட்டும் என்னோடு வரத் தொடங்கினாள். இப்போது கை களைத்தால் உடனே அவளிடம் சொல்லி, நிறுத்திவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள், தலைக்கவசத்தைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நிக்கமாட்டன். நீங்களே வாங்க.”