பேர்ளி சுட்ட முதல் தாரா

பரீஸின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் பேர்ளியைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குக் கழன்றுவிட்டது என்று சொல்லித் திரிகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மன்னாரில் பிறந்து, பரீஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் வெங்காயம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய ஒருத்தி, ஐம்பதை எட்டும் நேரத்தில் துப்பாக்கியும் கையுமாகக் காட்டு வாத்து, அவள் பாஷையில் தாரா, சுடப் போனால் சனம் வாயை மூடிக்கொண்டு இருக்குமா?

எல்லாம் அலெக்சாந்த்ரால் வந்த வினை. அதே சமையலறையில் இறைச்சி வெட்டுகிறவன். குளிர்காலத்தில் வடக்கே சோம் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்துக்கு வாத்து வேட்டைக்குப் போவான். ஒருநாள் பகிடியாக, "மதாம் பேர்ளி, நீங்களும் வாருங்களேன்" என்றான். பேர்ளி போய்விட்டாள். விடியற்காலையில், அந்தச் சேற்று நிலத்துக்கு மேலே வாத்துக் கூட்டம் விசிலடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜன்னலே இல்லாத அடுப்படியில் நின்றவளுக்கு அவ்வளவு பெரிய வானம்! திரும்பி வந்த கிழமையே வேட்டை அனுமதிப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள். முதல் தடவை கோட்டை விட்டாள். பிரெஞ்சுப் பறவைப் பெயர்களை வெங்காயத்தோடு சேர்த்து முணுமுணுத்து, இரண்டாம் தடவை பாஸ் பண்ணினாள்.

கணவன் ஜெனிஸ்டன் தலையில் கைவைத்தான்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ என்னெண்டால் காசு குடுத்துத் துவக்கு வாங்கிறாய். விசரே உனக்கு?"

"இஞ்சேருங்கோ, அந்தத் துவக்கு எங்களைத் தேடி வந்தது. இது தாராவைத் தேடிப் போறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ."

அனுமதி கிடைத்தால் மட்டும் போதுமா? மறைந்திருக்க ஒரு குடில் வேண்டுமே. அலெக்சாந்த்ர் போகும் குடில் ரோமன் என்ற அந்த ஊர்க்காரனுடையது. சிரிக்கக் காசு கேட்கும் முகம். குடிலில் ஒருவர் விலகியதால் ஓர் இடம் காலியாக இருந்தது. "சனிக்கிழமை வரட்டும். ஒரு காலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தான். அந்த ஓர் இடத்துக்காகப் பேர்ளி அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். வேறு எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை.

முதல்முதலாகப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? மட்டன் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு போனாள். உறைப்பென்றால் அப்படி ஓர் உறைப்பு. ரோமன் ஒரு கடி கடித்துவிட்டுக் கண் கலங்க வெளியே போனான், பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிடும் சாட்டில். அலெக்சாந்த்ரும் பின்னால் போனான். குடிலுக்குள் பேர்ளியும் ரோமனின் வேட்டை நாய் ஒஸ்காரும் மட்டும்.

ஒஸ்கார் அவள் கையையே பார்த்தது. நாக்கிலிருந்து எச்சில் வடிந்தது. பார்த்துக்கொண்டிருக்கிற வாய்க்குக் கொடுக்காமல் தின்றால் கண்ணூறு பட்டு வயிற்றைக் குத்தும் என்று வளர்ந்தவள் அவள். "இந்தா ராசா" என்று ஒன்றைப் போட்டாள். அது இன்னும் பார்த்தது. பார்க்கப் பார்க்கப் போட்டாள். பெட்டி காலி!

வெளுத்து வரும் நேரம். மூவரும் ஓடைக்கரைப் புல்லுக்குள் பதுங்கினார்கள். கடல் பெருகி ஓடைக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. மேற்கே ஒரு சலசலப்பு. வந்துவிட்டன! தலைக்கு மேலே சிறகுச் சத்தம். ரோமன் அவள் தோளைத் தட்டினான், நீ சுடு என்று. பேர்ளி எழுந்தாள், வெடி வைத்தாள். ஒரு வாத்து அப்படியே சுருண்டு ஓடையின் அக்கரையோரம் தண்ணீரில் விழுந்தது.

"விழுந்திட்டுது! மாதாவே, விழுந்திட்டுது!"

"ஒஸ்கார், போ!" என்றான் ரோமன்.

ஒஸ்கார் போகவில்லை. தண்ணீர் விளிம்புவரை போய், வயிற்றை எக்கி, தின்றது அத்தனையையும் சேற்றில் கக்கிவிட்டுப் படுத்தது. ரோமன் குனிந்து பார்த்தான். பேர்ளியைப் பார்த்தான்.

"நான்தான் கொடுத்தேன்" என்றாள் பேர்ளி பிரெஞ்சில். "அது பார்த்துக்கொண்டிருந்தது."

ரோமன் வாய்க்குள் ஏதோ திட்டினான். போச்சு, எல்லாம் போச்சு என்று பேர்ளிக்கு விளங்கிவிட்டது. வெள்ளம் அவளுடைய வாத்தை ஓடை வழியே உள்ளே இழுத்துக்கொண்டு போனது. இடம் போனால் போகட்டும், சுட்ட உயிரைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவளால் ஏலாது. துப்பாக்கியில் மிச்சமிருந்த தோட்டாவைக் கழற்றி அலெக்சாந்த்ரின் கையில் திணித்தாள். துப்பாக்கியைப் புல்லில் வைத்தாள். இறங்கிவிட்டாள்.

"மதாம் பேர்ளி! கடல் ஏறுகிறது!" என்று கத்தினான் அலெக்சாந்த்ர்.

யார் கேட்டார்? குளிர் தொடையைக் கடித்தது, இடுப்பைக் கடித்தது. சேறு ஒரு காலின் சப்பாத்தைப் பிடித்து விழுங்கியது. சனியனே, வைத்துக்கொள் என்று காலை உருவிக்கொண்டு எட்டிப் பாய்ந்தாள். வாத்தின் கழுத்து கைக்குள் அகப்பட்டது. திரும்பும்போது தண்ணீர் தள்ளியது, கால் தரிக்கவில்லை. கரையில் ரோமன் மார்பளவு புல்லுக்குள் படுத்து நீளமான தடியை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் பிடித்ததும் ஒரே இழுவை.

பேர்ளி சேறும் சகதியுமாக, ஒற்றைச் சப்பாத்தோடு, பல்லுக் கிடுகிடுக்க நின்றாள். வாத்தை மட்டும் விடவில்லை. ரோமன் அதன் இறகை ஒரு விரலால் நீவிப் பார்த்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்படி இன்னொரு முறை இறங்கினால் நானே உன்னைச் சுடுவேன்" என்றான். சட்டைப் பைக்குள் கையை விட்டு, குடிலின் பூட்டைத் திறக்கும் திறப்பு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

பேர்ளிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் போட்டாளே ஒரு கூச்சல்! கழிமுகம் முழுவதும் பதுங்கியிருந்த வாத்துகள் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பிக் கடல் பக்கம் பறந்து போயின. அலெக்சாந்த்ர் தலையில் அடித்துக்கொண்டான். அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது.

"அந்தத் திறப்பால் அடுத்த சனிக்கிழமை வாயையும் பூட்டிக்கொண்டு வா" என்றான் ரோமன்.