பொறுப்பு டீச்சரும் சாலையைப் பார்த்த கழிப்பறையும்

அந்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போனபோது, புது ஆள் வரும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இருந்தவர்களில் மூத்தவளான அவள் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். பதவிக்குப் பெயர் 'பொறுப்புத் தலைமையாசிரியை'. வேலை முழுசு, சம்பளம் மட்டும் பழையது. புது ஆளைப் போட்டால் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், இவளை வைத்தே ஓட்டினால் அந்தத் தொல்லை இல்லை. இது அரசாங்கத்துக்கு மிகவும் பிடித்துப்போனதால் புது ஆள் வரவே இல்லை. வருடங்கள் போயின. முதலில் பிள்ளைகள் அவளைப் பொறுப்பு டீச்சர் என்றார்கள், பிறகு பால்காரர், பிறகு தபால்காரர். கடைசியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்த அவள் கணவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"பொறுப்பு டீச்சர் இருக்காங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்" என்பார். அவள் முறைப்பாள். அவர் தையல் இயந்திரத்தை இன்னும் வேகமாக மிதிப்பார்.

அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். கல்வி அலுவலகத்தில் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்பினால், நாளைக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பாள். அதனால் அங்கே அவளிடம் அப்படிச் சொல்வதையே நிறுத்திவிட்டு, 'அடுத்த மாசம்' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் நான்காம் வகுப்பின் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிமென்ட் பெயர்ந்து மேசைமேல் விழுந்தது. நல்லவேளை, அவள் அப்போதுதான் எழுந்து கரும்பலகைப் பக்கம் போயிருந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கே அந்த அறையைப் பூட்டிவிட்டு வகுப்பைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தாள். பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, தாழ்வாரத்தில் நான்காம் வகுப்பு செய்யுள் ஒப்பிக்க, இரண்டும் கலந்து ஒலித்தது. சில பிள்ளைகள் வாய்ப்பாட்டையே ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தார்கள்.

கட்டடத்தைப் பார்வையிட அரசு இன்ஜினியர் வந்தார். பருத்த மனிதர். அறைக்குள் வராமல் வாசற்படியில் நின்றபடியே குடையை நீட்டிக் கூரையைக் காட்டினார்.

"ஆபத்தான கட்டடம்னு எழுதட்டுமா டீச்சர்?"

"எழுதுங்க சார்."

"எழுதினா பள்ளிக்கூடத்தை மூடிட்டு, பிள்ளைங்களை அடுத்த ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"அப்போ பத்திரமா இருக்குன்னு எழுதுங்க."

"பத்திரமா இருந்தா புதுக் கட்டடம் எதுக்குன்னு கேட்பாங்க. பணம் வராது."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா சார்?"

இன்ஜினியர் யோசித்தார். "'கவனிக்கத்தக்கது'ன்னு ஒண்ணு இருக்கு."

"அதை எழுதினா?"

"யாரும் கவனிக்க மாட்டாங்க."

இனி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும் என்று ஊரே சொன்னது. அவள் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். உறுப்பினரைப் பார்க்க முடியவில்லை, அவருடைய உதவியாளரைத்தான் பார்க்க முடிந்தது. இரண்டு காதுக்கும் இரண்டு போன் வைத்திருந்த மனிதர் அவர்.

"வகுப்பறைக்கு ஒதுக்கினது எல்லாம் தீர்ந்துபோச்சு டீச்சர். கழிப்பறைக்கு ஒதுக்கினதுதான் அப்படியே கிடக்கு. வருஷம் முடியறதுக்குள்ள செலவு பண்ணலைன்னா மேலிடத்துல திட்டு விழும். உங்களுக்கு ஒண்ணு கட்டிடலாம்."

"எங்ககிட்ட கழிப்பறை இருக்குங்க. நல்லாவே இருக்கு."

"இருந்தா என்ன? கூட ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒரு விஷயம், சாலையைப் பார்த்து இருக்கணும்."

"கழிப்பறையா?"

"பஸ்ல போறவங்களுக்கு ஐயா பேரு தெரிய வேணாமா?"

வீட்டுக்கு வந்து கைப்பையைத் தூக்கிப் போட்டாள். அவள் அப்படிப் போட்டால் கணவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் வழக்கம். அன்றைக்கு ஏனோ திறந்துவிட்டார்.

"கட்டித் தரேன்னு சொல்றாங்கள்ல. கட்டட்டுமே. நாலு சுவரும் கூரையும் இருந்தா அதுக்கு என்ன பேரு வெச்சா என்ன?"

அவள் அடுப்படிக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் அதையும் சொல்லாமல் சாப்பிட்டார். மறுநாள் காலை இன்ஜினியர் அலுவலகம் திறக்கும்போது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"சார், கழிப்பறையில கை கழுவுற இடம் எவ்வளவு பெருசா இருக்கலாம்?"

"குறைஞ்சபட்சம் இவ்வளவு இருக்கணும்னு விதி இருக்கு. இதுக்கு மேல கூடாதுன்னு எங்கயும் இல்லை."

"ஜன்னல்?"

"காத்தோட்டம் வேணும்னு இருக்கு. எத்தனைன்னு இல்லை."

"ஒரு சுவர்ல மட்டும் கருப்பா அகலமா ஒரு பட்டை பூசலாமா?"

இன்ஜினியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அது எதுக்கு?"

"அழுக்கு தெரியாம இருக்கும் சார்."

அந்த மனிதர் சிரித்து அவள் அதுவரை பார்த்ததில்லை. பென்சிலை எடுத்தவர், கை கழுவும் இடத்தை இன்னும் கொஞ்சம் நீளமாகவே இழுத்தார்.

கட்டடம் மளமளவென்று எழுந்தது. ஒரு மூலையில் இரண்டு சின்னத் தடுப்புகள், மீதியெல்லாம் கை கழுவும் இடம். திறப்பு விழாவுக்கு உறுப்பினர் மாலையும் கூட்டமுமாக வந்தார். கட்டடத்தின் நெற்றியில் பதித்த பலகையில் அவர் பெயர் ஆள் உயரத்துக்கு இருந்தது. அதற்கடியில், வெகு பணிவாக, 'நவீன கழிப்பறை வளாகம்' என்று எழுதியிருந்தது. நாடாவை வெட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், "விசாலமா இருக்கே" என்றார்.

"பிள்ளைங்க நிறைய பேருங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரமே நான்காம் வகுப்பு அங்கே குடியேறியது. சின்னத் தடுப்புகளில் ஒன்றில் வரைபடங்கள், இன்னொன்றில் துடைப்பமும் சுண்ணக்கட்டியும் போயின. எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று வீட்டில் கேட்டதற்கு ஒரு பிள்ளை உள்ளபடி பதில் சொல்லிவிட, அவன் அம்மா சண்டைக்கு வந்தாள். உள்ளே வந்து வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்தவள், தன் இளைய மகளையும் இங்கேயே உட்கார வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். பாடத்துக்கு நடுவே பிள்ளைகள் விரலைக் காட்டும்போதுதான் கொஞ்சம் குழப்பம். கழிப்பறையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தற்காலிக ஆசிரியர். அவள் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். தற்காலிக ஆசிரியர்களுக்கு ஊதிய உயர்வு என்று செய்தி வந்தபோது, அவர் பள்ளிக்கூடம் முழுவதற்கும் மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் வாயில் கரைவதற்குள் ஆணையின் விவரம் வந்தது. இடைவெளி இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் உயர்வாம். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறைக்கு அவர்களை வேலையைவிட்டு நிறுத்தி, பள்ளி திறந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்வது அதே அரசாங்கம்தான். இடைவெளி இல்லாதவர் ஒருவர்கூட நாட்டில் இல்லை.

"அக்கா, பொண்ணு பார்க்கப் போனா என்ன வேலைன்னு கேட்கறாங்க. தற்காலிகம்னு சொல்றேன். எங்க வேலைன்னு கேட்கறாங்க. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்றார் தம்பி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். குண்டும் குழியுமான சாலையில் நெடுந்தூரம் ஜீப்பில் குலுங்கி வந்தவர். இறங்கியதும் அவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பலகை. வணக்கம்கூடச் சொல்லாமல் அதை நோக்கி விடுவிடென்று நடந்தார். அவருடைய அவசரம் நடையிலேயே தெரிந்தது.

"ஐயா, அது வந்து, ஐயா" என்று பின்னால் ஓடினாள் அவள்.

அவர் கதவைத் தள்ளினார். ஒரு வகுப்பே எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்று இழுத்து ராகமாகச் சொன்னது. தம்பி கையில் சுண்ணக்கட்டியோடு சிலையாக நின்றார். அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். கரும்பட்டையில் பின்னக் கணக்கு. மூலையில் ஒரு கை கழுவும் தொட்டி, அதில் ஒரு பூச்செடி.

"உட்காருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நிஜமாவே ஒண்ணு இருக்கா இல்லையா?"

"பின்னாடி இருக்குங்க ஐயா."

திரும்பி வரும்போது வேறு மனிதராக இருந்தார். அவள் அறையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"இது விதிமீறல்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுங்க."

"நான் எழுதித்தான் ஆகணும்."

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று ஓடியது அவள் மனம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "எழுதுங்க ஐயா. உறுப்பினர் ஐயா ஒரு வகுப்பறையைக் கழிப்பறைன்னு திறந்து வெச்சாருன்னும் கூடவே எழுத வேண்டி வருமேன்னுதான் யோசிக்கிறேன்."

மிரட்டலாக அவள் சொல்லவில்லை. உண்மையாகவே அதை நினைத்துத்தான் கவலைப்பட்டாள். அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஜன்னல் வழியாகப் பலகையை ஒரு முறை பார்த்தார். பிறகு வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "கழிப்பறை மிகவும் சுத்தமாக உள்ளது. துர்நாற்றம் அறவே இல்லை. மாணவர்கள் நாள் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்." எழுந்து போகும்போது, "இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா சொல்லுங்க" என்றார்.

பொய் இல்லாத அந்த அறிக்கைதான் வினையாகிப் போனது. அந்த வருடம் சிறந்த கழிப்பறைக்கான விருது அந்தப் பள்ளிக்கு வந்தது. அவள் மேடையேறிக் கேடயம் வாங்கினாள். இதை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று மைக்கை நீட்டியபோது, "உள்ளே செருப்போட யாரையும் விடறதில்லைங்க" என்று மட்டும் சொன்னாள். பலத்த கைதட்டல்.

விருதோடு சுகாதார ஆசிரியர் என்று ஒரு நிரந்தரப் பணியிடமும் வந்தது. அது தம்பிக்குக் கிடைத்தது. காலையில் கொஞ்ச நேரம் நகம் வெட்டச் சொல்லிவிட்டு, மீதி நேரம் அவர் கணக்கே நடத்தினார். அவருக்குப் பெண்ணும் அமைந்தது.

இவ்வளவு பேர்பெற்ற பள்ளிக்கு முழுநேரத் தலைமையாசிரியர் இல்லாமல் இருப்பதா என்று மேலிடத்துக்குத் திடீரென்று உறைத்தது. உடனே போட்டார்கள், உறுப்பினரின் மச்சானை. அவள் சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

"விடு. பாரம் போச்சுன்னு நினைச்சுக்கோ" என்றார் கணவர்.

"பாரம் போனா லேசாத்தானே இருக்கணும். ஏன் இப்படி இருக்கு?" என்றாள். அவர் கடையை மூடிவிட்டு வந்து, கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார்.

மச்சான் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து போனார். முதல் பெரிய மழையில் அவர் அறையின் கூரையிலிருந்து சட்டைமேல் தண்ணீர் கொட்டியது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நகரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கல்வி அதிகாரியே போனில் கூப்பிட்டார்.

"பழையபடி நீங்களே பொறுப்பு எடுத்துக்கங்க டீச்சர்."

"பொறுப்பா வேண்டாங்க ஐயா. பதவியாக் குடுத்தா எடுத்துக்கறேன்."

"கஷ்டம் டீச்சர்."

"அப்போ அடுத்த மாசம் பேசலாங்க" என்று போனை வைத்தாள்.

அதற்கப்புறம் சாவிக்கொத்து அலுவலகத்துக்கும் பள்ளிக்குமாக அலைந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை. வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்தார்கள், எல்லோரும் கூரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளுக்கே ஆணை போட்டார்கள், முழுப் பதவி, முழுச் சம்பளம் என்று.

செய்தியைக் கொண்டு ஓடிவந்தவர் தம்பிதான். அவள் மூன்றாம் வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, பத்தியை முடித்து, ஒரு பிள்ளையை மேற்கொண்டு வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். செய்தியைக் கேட்டாள். தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள்.

"சந்தோஷமா அக்கா?"

"சந்தோஷந்தான். உங்க வகுப்பு சத்தம் போடுது பாருங்க தம்பி, போங்க" என்றாள்.