வயிற்றில் இருந்தது மருந்தல்ல

குவைத்தில் ஸ்கேன் அறைக்குள் போகுமுன் காதுத்தோட்டைக்கூடக் கழற்றச் சொல்கிறார்கள். நான் வீட்டுவேலை செய்யும் மேடத்தின் நகைகளைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்கு வயிற்றில் புற்றுநோய். வாந்தியை நான்தான் அள்ளுகிறேன். காப்பித்தூள் மாதிரிக் கறுப்பு. சோப்புப் போட்டாலும் கையில் நாற்றம் போகாது. எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அங்கே மலையாளத்து நர்ஸ் ஒருத்தி தமிழ் பேசுவாள். "யார் குடுத்து இது வருது?" என்று கேட்டேன். எனக்குத் தொற்றிவிடும் என்று பயப்படுவதாக நினைத்துக்கொண்டாள். "யாரும் கொடுக்கறதில்ல சேச்சி. ஒட்டவும் செய்யாது" என்றாள். சதைக்குள் தண்ணீர் எப்படி அசைகிறது என்று மெஷின் பார்க்குமாம். கட்டி அடர்ந்த இடத்தில் அசைவு குறையுமாம். எந்த வகைப் புற்று, எவ்வளவு முற்றியது என்று வெட்டாமலே டாக்டர் கணிப்பாராம். சதை கிள்ளிப் பார்த்த சோதனையோடு ஒத்தும் பார்ப்பாராம்.

இலங்கையில் எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலும் ஒருவன் வெட்டாமல் பார்த்தான். என் அண்ணனுக்கும் இதே கறுத்த வாந்திதான். பதுளை ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட வேண்டும் என்றார்கள். பயந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பிவிட்டான். சோற்றில் யாரோ செய்வினை மருந்து வைத்துவிட்டார்கள் என்று அம்மா மருந்தெடுக்கிறவனைக் கூப்பிட்டாள். நான் இங்கிருந்து போனில் பார்த்தேன். அவன் அண்ணன் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, மயிரும் எச்சிலுமாக ஒரு உருண்டையைத் துப்பினான். முன்பே வாயில் அடக்கி வைத்திருந்தது. சுற்றி நின்றவர்கள் அதைக் கும்பிட்டார்கள். அண்ணன் பிழைக்கவில்லை.

சோறு போட்டவள் அண்ணி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், கொழுந்தெடுக்கப் போக நின்ற எல்லார் முன்னும், அம்மா அவளைக் கொலைகாரி என்றாள். அண்ணி பசறைக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

ஸ்கேன் எடுத்த அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அதே பெரட்டுக்களத்தில் அண்ணிமேல் குற்றமில்லை என்று சொல்லச் சொன்னேன்.

"ஏ புள்ள, அவன் எடுத்துத் துப்புனத கண்ணால பாத்தேன். ஒங்க மெஷினு என்னத்த எடுத்துச்சு?"

"ஒண்ணும் எடுக்கல. எடுக்குறதுக்கு யாரும் ஒண்ணும் வைக்கலம்மா."

போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் எனக்கு லீவு. பண்டாரவளையில் பூனாகலை பஸ் நிற்கும். தெரிந்த முகங்கள் இருக்கும். ஏறமாட்டேன். பதுளைக்குப் போய்ப் பசறை பஸ் பிடிப்பேன். அண்ணியிடம் சொல்லிவிட்டேன், வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து அவள் கையால் சாப்பிடப்போகிறேன் என்று. இங்கே இறங்காத சோறு அங்கே இறங்குமா, தெரியாது. சாப்பிடுவேன்.