ஐக்கியத்துக்கு வெளியே

டிப்போவில் அவரைத் தொட்டில்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். அவர் ஓட்டும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கண் சொருகிவிடும். வண்டி நின்றதும் தெரியாது, கிளம்பியதும் தெரியாது. தூக்கத்தில் இறங்குமிடத்தைத் தவறவிட்டவர்கள் அவரிடமே சண்டைக்கு வருவார்கள். "உங்க மேலதான் தப்பு. ஒரு பிரேக்காவது ஒழுங்கா அடிச்சிருக்கலாம்ல?" என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். சிரிப்பைத் தவிர வேறெதையும் அவரிடமிருந்து எளிதில் வாங்கிவிட முடியாது.

அப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சிக்கு ஒரு வாயாடி அக்கா.

அம்மா போனபோது அவருக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பாவுக்கு மில்லில் மாறி மாறி ஷிப்டு. குளிப்பாட்டித் தலை வாரிப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டதும், யாராவது அடித்துவிட்டால் அந்தப் பையன் வீட்டுக்கே போய் நியாயம் கேட்டதும் அக்காதான். அவளுக்கே அப்போது இரட்டைச் சடை. பிறகு அவள் நர்ஸ் படிப்புக்குப் போனாள். அங்கே அவளோடு ஒரே அறையில் இருந்த பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஆராதனைக்கு அழைத்துப் போனாள். இரும்புக்கடை ஒன்றின் மாடி அது. பீடம் இல்லை, பாதிரியாரும் இல்லை. நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் ஒரு முழு ரொட்டி, ஒரு கிண்ணம், சுற்றிலும் பெஞ்சுகள். யாராவது ஒருவர் பாட்டு எடுப்பார், இன்னொருவர் ஜெபிப்பார், பிறகு ரொட்டித் தட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். அக்காவுக்கு அம்மா இருந்த வீட்டுக்குள் மறுபடி நுழைந்த மாதிரி இருந்ததாம். அடுத்த வாரமே தம்பியின் கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிவிட்டாள். அவருடைய விசுவாசமும் அக்கா எடுத்துக் கொடுத்த சட்டை மாதிரிதான். அவள் பார்த்து எடுத்தது, அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

அந்தச் சபையில் ஓட்டுப் போட மாட்டார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தேர்தல் நாளன்று மாடியில் கூடி, நாட்டை ஆள்பவர்களுக்காக முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். ஆள்வது யார் என்பதை மட்டும் மற்றவர்களிடம் விட்டுவிடுவார்கள். "நம்ம குடியுரிமை மேல இருக்கு. இங்க நாம தங்கிப் போற ஆளுங்க" என்பார் சபையை முன்னின்று நடத்தும் மூப்பர். கீழே இருந்த இரும்புக்கடை அவருடையதுதான். அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. இளவயதில் வேறோர் ஊரில், காலையில் ஒரே ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்ட இரண்டு சகோதரர்கள் மாலையில் ஆளுக்கொரு கட்சிக் கொடியோடு தெருவில் நின்று, அந்தக் கொடிக்கம்பாலேயே ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டதை அவர் நேரில் பார்த்தவர். ரத்தத்தைத் துடைத்ததும் அவர்தான். "அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரவே இல்ல" என்று சொல்லி முடிப்பார்.

தொட்டில்காரர் அந்த மூப்பரின் மகளைத்தான் கட்டிக்கொண்டார். பேசி முடித்தது அக்கா. அவள் மட்டும் கல்யாணம் என்ற பேச்சையே பிடி கொடுக்காமல் தட்டிக் கழித்துவிட்டு, அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டே கதி என்று இருந்தாள். ஞாயிறு மதியம் தம்பி வீட்டில் சாப்பாடு. இப்படியே காலம் ஓடிவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஆள் போதவில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை இரவில் பூட்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலை அக்கா வேலைக்குப் போனபோது வாசலில் ஒரு மணல் லாரி நின்றிருந்தது. வார்டு பூட்டியிருந்ததால் அதன் பின்பக்கத்திலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. தாய் பிழைத்தாள். குழந்தையை அக்காதான் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு அவள் ஏறாத அலுவலகம் இல்லை. நகரசபையில் யாராவது பேசினால்தான் நடக்கும் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அந்தப் பகுதிக் கவுன்சிலரோ, "பாக்கலாம் சிஸ்டர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வேலையை விட்டாள். அடுத்து வந்த நகரசபைத் தேர்தலில், எந்தக் கட்சியும் சாராமல் தானே நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் அவளை உட்காரச் சொன்னார். மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை.

"வாபஸ் வாங்கிடுங்கம்மா."

"இல்ல அண்ணே."

"நாம பரதேசிங்க. இது நம்ம வீடு இல்ல."

"வாடகை வீடுன்னாலும், கூரை ஒழுகினா யாராவது மேல ஏறித்தானே ஆகணும்? நான் ஜெபம் பண்ணாம முடிவெடுக்கல அண்ணே. ஜெபம் பண்ணப் பண்ண, 'உனக்கு ரெண்டு கை குடுத்தேனே, அத என்ன பண்ணின'ன்னுதான் கேக்குது."

"இன்னிக்குக் கூரை ஏறுவீங்க. நாளைக்கு ஓட்டுக்காக ஒருத்தரப் பிடிக்கணும், ஒருத்தர விடணும். ஒருத்தருக்கு நல்லது பண்ணா இன்னொருத்தர் வயித்துல அடிக்கணும். கை அழுக்காகும்மா."

"பிரசவ வார்டுல வேல பாத்தவகிட்ட கை அழுக்காகும்னு சொல்றீங்களே" என்றாள் அக்கா. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

அன்றே அவளைச் சபையின் ஐக்கியத்திலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு வணக்கம் சொல்லலாம். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, மேஜையின் ரொட்டியிலும் அவர்களுக்குப் பங்கில்லை. வந்தால் கடைசிப் பெஞ்சில் உட்காரலாம். அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை திரும்பினாள். தம்பி தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஜெயித்தாள். பிரசவ வார்டு இரவும் பகலும் திறந்தது. அந்தச் செய்தியைத் தொட்டில்காரர் டிப்போ டீக்கடையில் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டார். "உங்கக்காவாமே" என்று ஒருவர் தோளில் தட்டினார். ஆமாம் என்று சொல்ல வந்த வாய், தண்ணீர் குடித்துச் சமாளித்தது. ஞாயிறு மதியம் அவர் வீட்டில் ஒரு தட்டு குறைந்தது. அவர் மனைவி பழக்க தோஷத்தில் எடுத்து வைத்துவிட்டு, திரும்ப அலமாரியில் கவிழ்ப்பாள்.

நகரசபைக் கட்டடத்துக்கு அவர் ஓட்டும் பஸ்தான் போகும். அக்கா அதில் ஏறுவாள். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில் உட்காருவாள். உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிடுவாள்.

"பைப்லைன் தோண்டறேன்னு ரோட்ட நாசம் பண்ணிட்டாங்கடா, பாத்து ஓட்டு. நேத்து கூட்டத்துல ஒருத்தர் தூங்கிக்கிட்டே கை தூக்கிட்டாரு. எதுக்குத் தூக்கினோம்னு அவருக்கே தெரியல. உனக்கு இருமல் போச்சா? கஷாயம் குடிக்கச் சொல்லி உம்பொண்டாட்டிகிட்டச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத."

அவர் பதில் சொல்ல மாட்டார். பேசக் கூடாது என்று சபை சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதுவிடுவோம் என்ற பயம் அவருக்கு. பலகை நல்ல சாக்காக இருந்தது. மேலே இருந்த கண்ணாடியில் அக்காவின் நெற்றியும் நரைத்த வகிடும் மட்டும் தெரியும். அவள் ஏறாத நாட்களில் அந்தக் கண்ணாடியில் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அன்றைக்கு மட்டும் பிரேக் உதைக்கும்.

ஒருநாள் அக்கா மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரி வாசல்ல கடைகள எடுக்கணும்னு தீர்மானம் வந்துச்சு. ஆம்புலன்ஸ் உள்ள திரும்ப இடமில்ல. நானும் கை தூக்கினேன். வேற வழி இல்லடா. ஆனா அந்தப் பழக்கடைக்கார அம்மா என்னயவே பாத்துக்கிட்டு நின்னா பாரு… கை அழுக்காகும்னு உம்மாமனார் சொன்னாரே, அது சரிதான்." அடுத்த நிறுத்தம் தாண்டியதும், "சரிதான், ஆனா முழுசும் சரி இல்ல" என்றாள்.

கடைகளை இழந்தவர்களின் கோபம் தெருத்தெருவாகப் பரவியது. அடுத்த தேர்தல் நெருங்கிய ஒரு காலையில் பஸ்ஸில் நின்றிருந்த ஒருவன், அக்காவைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "ஜெபம் பண்ற கூட்டமாம். சொந்த சபையே வேணாம்னு துரத்திவிட்டது, நம்ம தலைல வந்து உக்காந்திருக்கு. எவ்வளவு வாங்கிட்டுக் கை தூக்கினாளோ."

பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை. தொட்டில்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். சின்ன வயதில் தனக்காக எத்தனை வீட்டு வாசலில் அவள் நின்றிருக்கிறாள் என்று தோன்றியது. நகரசபை நிறுத்தம் வந்தது. எப்போதும் "வரேன்டா" என்று சொல்லிவிட்டு இறங்கும் அக்கா, அன்று சொல்லாமல் இறங்கினாள்.

தேர்தல் நாளன்று அவர் மாடிக்கு ஜெபத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றார். வாழ்நாளில் முதல் தடவை என்பதால் எந்தப் பக்கம் நுழைவது, எந்தப் பக்கம் வெளியே வருவது என்றுகூடத் தெரியவில்லை. மறைப்புக்குள் தனியாக நின்றார். ஒரே ஒரு வரி ஜெபித்தார், ஓட்டைப் போட்டார், வெளியே வந்தார். விரலில் மை.

வீட்டில் கை கழுவும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது."

அவள் ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்து வந்து விரலில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்குக் கண்ணீர் வந்தது. "அப்பா கண்ல பட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"விடு. போகாது" என்றார். "போகவும் வேணாம்."

அக்கா தோற்றாள். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை, மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டாள். அவர் போட்ட ஓட்டு எந்த மூலைக்கும் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் மருமகனைக் கடைக்குள் அழைத்து, ஆணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். விரலைப் பார்த்தார். "யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்கல மாப்பிள்ள. ஏன் போட்டீங்க?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாமா. எல்லாரும் எல்லாத்துலயும் இறங்கணும்னு நான் சொல்லல. ஆனா பக்கத்துல ஒருத்தர் நியாயத்துக்காகத் தனியா நிக்கும்போது, நமக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு இருக்கறதும் பாவந்தானோன்னு தோணிடுச்சு."

மூப்பர் வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. முன்னாடி வந்து உக்காந்துக்கலாம்."

"சொல்ல முடியல மாமா."

"அப்ப நானும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மூப்பர். கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். மகளை நினைத்தாரோ என்னவோ.

தொட்டில்காரர் கடைசிப் பெஞ்சுக்குப் போனார். அங்கிருந்து மேஜை அவ்வளவு தூரமில்லை, ஆனால் தட்டு அதற்கு முந்திய பெஞ்சோடு திரும்பிவிட்டது. ரொட்டியின் வாசனை மட்டும் வந்தது. சிறுவயதிலிருந்து தின்று பழகிய அந்தச் சின்னத் துண்டுக்காக இவ்வளவு பசிக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அக்கா இத்தனை வருடம் இதைத்தானே சுமந்தாள் என்று நினைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தவள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு விரலைப் பார்த்தாள்.

"உன்ன யாருடா போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல அக்கா."

"எனக்காகத்தானே போட்ட?"

"முதல்ல அப்படித்தான். உள்ள போய் நின்னப்புறம் அப்படித் தோணல."

அவள் கோபமாகவே தட்டை எடுத்து வைத்தாள். சோறு, பருப்பு, ஒரு அவித்த முட்டை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சாப்பிடு. உப்பு கம்மி, தெரியும்" என்றாள். பிறகு தன் தட்டைப் பார்த்தபடி, "தோத்தது வலிக்கலடா. வார்டு திறந்திருக்கு, அதப் பூட்ட இனி எவனுக்கும் தைரியம் வராது. ஆனா ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து குளிச்சுட்டு, எங்க போறதுன்னு தெரியாம நிப்பேன். அது இன்னிக்கு வரைக்கும் பழகல."

"கடைசிப் பெஞ்சு காலியாத்தான் இருக்கு அக்கா."

"தட்டு திரும்பிப் போறத என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியாதுன்னுதான் வரல."

"தனியா பாக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அக்கா எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் பருப்பு கொண்டுவந்து ஊற்றினாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு அவள் வந்தாள். படியேறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்து, "அந்த ஃபேன் கழண்டு யார் தலையிலயாவது விழப்போகுது. ஒருத்தர்கூடவா கவனிக்கல?" என்று கிசுகிசுத்தாள். அவர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு எடுத்தார்கள். அக்கா பாடினாள். அந்தக் குரல் கேட்டதும் முன் பெஞ்சில் இரண்டு மூன்று பெண்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தி தொட்டில்காரரின் மனைவி. தட்டு பெஞ்சு பெஞ்சாக வந்தது, கடைசிக்கு முந்திய வரிசையில் நின்றது, திரும்பியது. அக்காவின் கை மடியில் இருந்தபடியே லேசாக மலர்ந்து மூடிக்கொண்டது. அதை அவர் மட்டும் பார்த்தார்.

வாசலில் மூப்பர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்காவின் முறை வந்தபோது அவர் கை பாதியில் நின்றது.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"படி ஏறினா உயிர் போகுது அண்ணே."

"பிடிச்சு இறங்குங்க" என்றார் அவர். அடுத்து நின்றவரிடம் திரும்பினார்.

இப்போதும் அவர்கள் இரண்டு பேரும் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். தப்பு என்று அவர்களும் சொல்லவில்லை, வா என்று மூப்பரும் சொல்லவில்லை. பஸ்ஸில் தொட்டில்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். பலகையைப் பார்த்து யாராவது முறைத்தால், "அக்காதாங்க" என்கிறார். ஞாயிறு மதியம் அவர் மனைவி இரண்டு பேருக்கும் பரிமாறுகிறாள். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே சோற்றை அதே மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அக்கா கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள்.