முதல் ஆளாய் எங்க அப்பா

எங்க அப்பா தேவசுந்தரத்தைச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஆள் கிடையாது. தனியார் பஸ் கம்பெனியில டைம் கீப்பர். விசிலை ஊதிக்கிட்டு, "பனவடலிசத்திரம் ஏறு, குருவிகுளம் பின்னால வருது, ஏலே அந்த ஆட்டை இறக்குலே"ன்னு அவர் போடுற சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கும். பிள்ளைத்தாச்சிக்குச் சீட்டுப் பிடிச்சுக் குடுப்பாரு. கண்ணு தெரியாதவங்களைக் கையைப் பிடிச்சு ஏத்தி விடுவாரு. நல்ல மனுசன். அதுதான் எனக்கு எரிச்சலே. கெட்டவரா இருந்தா ஒரேயடியா வெறுத்துட்டுப் போயிருப்பேன்லா?

எங்க சபையில மாசத்துக்கு ஒரு ஞாயிறு இராப்போஜனம். போதகரை நாங்க ஐயர்னு சொல்லுவோம். ஐயர் அப்பத்தைக் குடுத்துட்டு, திராட்சரசம் உள்ள ஒரே பாத்திரத்தை வரிசையா எல்லார் வாயிலயும் வைப்பாரு. முதல்ல ஆம்பளைங்க, பொறவு பொம்பளைங்க. ஐயர் கூப்பிட்டு முடிக்குமுன்னே அப்பா எந்திரிச்சிருவாரு. பஸ்ஸைக் கிளப்புற ஆளுக்கு எல்லாத்துலயும் அவசரம்னு சின்னப் பிள்ளையில நெனச்சேன். அவசரமாவது மண்ணாவது! பின்பெஞ்சுல காலனி ஆட்கள் உக்காந்திருப்பாங்க. அவங்க வாய் வைக்கிறதுக்கு முன்னால, தான் குடிச்சிரணும். அதுக்குத்தான் அந்த ஓட்டம். யாருக்கும் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு.

எழுபத்தெட்டுல நான் சுந்தரராஜைத்தான் கட்டிக்கிடுவேன்னு சொன்னேன். மேலநீலிதநல்லூர் பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரும் டீச்சர். அவரு காலனி பிரபுதாஸ் மகன்.

அப்பா கத்தல. "பையனைக் குத்தம் சொல்ல மாட்டேன் மக்கா. கர்த்தருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்"னாரு.

"பொறவு என்னப்பா?"

"அது அங்கன. கல்யாணம் இங்கனல்லா நடக்குது!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில இருந்த தட்டைப் போட்டு உடைச்சிருப்பேன். எவர்சில்வர், உடையாது. ஐயர் எங்க பக்கம் நின்னாரு. கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு சபையில ஓலை வாசிச்சு, யாருக்காவது தடை உண்டான்னு கேக்கணும். "வாசிக்கட்டும். நான் எந்திரிச்சு நின்னு தடை சொல்லுதேன்"னுட்டாரு அப்பா. பெத்த தகப்பனே சபை நடுவுல எந்திரிச்சு நின்னா அந்தக் கல்யாணம் எங்க நடக்கும்? பிரபுதாஸ் குடும்பம் வெக்கப்பட்டு, வேண்டாம்னு ஒதுங்கிருவாங்க. எனக்கு அதுதான் பயம்.

மொத ஓலை வாசிக்கிற ஞாயிறும் இராப்போஜன ஞாயிறும் ஒண்ணா வந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் அம்மா காப்பி போட்டா. எப்பவும் ஒரு வாய் குடிச்சுச் சீனி பாத்துட்டு, அதே டம்ளரைத்தான் அப்பாகிட்ட நீட்டுவா. அவரும் வாங்கினாரு.

"குடிக்காதீங்க"ன்னேன்.

"ஏட்டி?"

"அம்மா வாய் வச்ச டம்ளர்லா? பொம்பளைங்க முறை வர்றதுக்குள்ள காலனி ஆம்பளைங்க அத்தனை பேரும் பாத்திரத்துல குடிச்சிருவாங்க. அதுக்குப் பொறவு அம்மா குடிக்கா. வருசம் பூரா குடிக்கா. நீங்க மட்டும் ஓடிப்போய்ச் சுத்தமாக் குடிச்சிட்டு வந்து, அவ எச்சிக் காப்பியக் குடிக்கிய. எதைப்பா காப்பாத்திட்டிய?"

அப்பா டம்ளரையே பாத்தாரு. வாழ்நாள்ல அவருக்கு அது தோணவே இல்லைன்னு முகத்துல தெரிஞ்சுது. பொண்டாட்டிய ஒரு ஆளாக் கணக்குல வச்சிருந்தால்லா தோணும்!

அம்மா அடுப்பைப் பாத்துக்கிட்டே, "குடிக்கச் சொல்லுட்டி, ஆறிரும்"னா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. பாவி மனுசி, மூச்சு விடல. அப்பா காப்பியைக் குடிக்காம வெளிய போயிட்டாரு.

மறுநாள் ஐயர் ஓலை வாசிச்சாரு. "தேவசுந்தரம் குமாரத்தி தங்கபாய்க்கும்"னு சொன்னப்ப அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டேன். தடை உண்டான்னு கேட்டாரு. அப்பா முன்பெஞ்சை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. எந்திரிக்கல. ஐயோ கர்த்தாவேன்னு அம்மா தோள்ல சாஞ்சிட்டேன்.

பொறவு இராப்போஜனம். ஐயர் கூப்பிட்டாரு. முன்னால இருந்த மத்த ஆம்பளைங்க குடிச்சிட்டு வந்தாங்க. அப்பா அதுக்கும் எந்திரிக்கல. இன்னைக்குக் காலனி ஆட்கள் தனக்கு முன்னால போகட்டும்னு உக்காந்திருக்காருன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆனா பின்பெஞ்சுல ஒருத்தரும் அசையல. அத்தனை பேரும் அப்பாவோட முதுகைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஐயர் கையில பாத்திரத்தோட நிக்காரு.

கடைசியில பிரபுதாஸ் மாமா எந்திரிச்சு வந்தாரு. அப்பா பக்கத்துல குனிஞ்சு, உடம்புக்கு முடியாத ஆள்கிட்டப் பேசுற மாதிரி, "அண்ணாச்சி, நீங்க போயிட்டு வாங்க. நாங்க எப்பவும் போல பொறவு வாரோம்"னாரு. கோவமும் இல்ல, குத்தலும் இல்ல. பொம்பளைங்க பக்கம் வரைக்கும் கேட்டுச்சு.

அப்பா முகம் செத்துப்போச்சு. "நீரு போம் வே"ன்னாரு. சத்தமே வரல. ஊரைக் கூட்டுற தொண்டை! பிரபுதாஸ் மாமா தயங்கித் தயங்கிப் போனாரு. காலனி ஆட்கள் எல்லாரும் போனாங்க. அப்பா கடைசி ஆளாப் போய் முழங்கால் போட்டுக் குடிச்சாரு.

வீட்டுல சோத்துக்கு முன்னால உக்காந்தவரு கையே வைக்கல. "பிரபுதாசுக்குத் தெரிஞ்சிருக்குட்டி"ன்னாரு.

"எல்லாருக்கும் தெரியும்ப்பா."

ஜெயிச்சுட்டேன்னு சந்தோசப்படணும்னு பாத்தேன். முடியல, அழுகைதான் வந்துச்சு. அப்பா அம்மாவைப் பாத்தாரு.

"மார்த்தா, நான் ஓடுறதுக்கு வழி விட்டுட்டுல்லா அவரு இத்தனை வருசமும் உக்காந்திருந்திருக்காரு. எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவரைச் சம்பந்தின்னு கூப்பிடுவேன்?"