ஓடைக்கு அந்தப் பக்கம்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்து கொண்டாப்பூரில் குடியேறியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விகாராபாத் பக்கத்துக் காட்டுக்கு மலையேற்றம் போகும் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

எங்களை அழைத்துப் போனவர் ஹைதராபாத்திலேயே, மெட்டுகுடா பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எல்லோருக்கும் அக்கா. காட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போக வனத்துறையின் பர்மிட் வேண்டும். அதற்காக ஒரு வருஷம் அலைந்தாராம். அதுதான் அவருக்குப் பிழைப்பு.

செக்போஸ்ட்டில் இருந்த வனக்காவலர், ஓடையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பர்மிட் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஓடையை நெருங்கியபோது அந்தப் பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. கல்லூரி மாணவி ஒருத்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள். அனுமதி வாங்காமல் வேறு வழியாக நுழைந்திருக்கிறார்கள். கூட வந்த தோழி பாறையிலிருந்து வழுக்கி விழுந்து, கால் உடைந்து, ரத்தம் நிற்காமல் கிடக்கிறாளாம். யார் போனிலும் சிக்னல் இல்லை.

அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீங்க யாரும் ஓடையத் தாண்டாதீங்க. நான் மட்டும் போறேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க செக்போஸ்ட்டுக்கு ஓடுங்க. வண்டி அனுப்பச் சொல்லுங்க. நான் ஓடையத் தாண்டிட்டேன்னும் சொல்லிடுங்க."

"அத எதுக்குக்கா சொல்லணும்?"

"நக்கோ," என்று ஹைதராபாத் பேச்சில் மறுத்தார். "மறைக்க வேணாம். எங்க இருக்கோம்னு தெரிஞ்சாத்தானே வருவாங்க."

வழியெல்லாம் அந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றே மனசு அடித்துக்கொண்டது. ஆனால் காவலர் முகத்தைப் பார்த்ததும், எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உடனே வயர்லெஸ்ஸில் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு என்னோடு ஓடிவந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, குச்சிகளை வைத்துத் துப்பட்டாவால் கட்டிய காலோடு அந்தப் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அக்கா வந்துகொண்டிருந்தார். காவலரும் இறங்கிக் கைகொடுத்தார். ஜீப் வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் விதி விதிதான். விசாரணை முடியும்வரை பர்மிட்டை நிறுத்திவைத்தார்கள். அக்காவுக்கு ஆட்கள் அதிகம் வரும் சீசன் அது. நாங்கள் எல்லோரும் வன அலுவலகத்துக்குப் போய் நியாயம் கேட்கலாம் என்று கிளம்பினோம். அக்கா தடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: "காவலர் மேல ஒரு வார்த்தை தப்பா சொல்லாதீங்க. அவரு வேலைய அவரு செஞ்சாரு."

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். முதலில் எங்களுக்காகப் பேசியது அந்தக் காவலர்தான். தாண்டியதைத் தானாகவே சொல்லியனுப்பிய கைடை இதற்கு முன் பார்த்ததில்லை என்றார்.

சீசன் முடியும் நேரத்தில்தான் பர்மிட் திரும்பக் கிடைத்தது. உயிருக்கு ஆபத்து என்றால், தகவல் சொல்லிவிட்டுத் தடை செய்த பகுதிக்குள் போகலாம் என்று அதில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இப்போது அங்கே போகும் எல்லா கைடுகளின் பர்மிட்டிலும் அந்த வரி இருக்கிறது.

செய்த நல்லதுக்காகத் தண்டனை வந்தபோதும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதே, உண்மையைச் சொல்லத் தயங்கும் நேரங்களில் எனக்கு இன்றும் தைரியம் தருகிறது.