சங்குப் புள்ளி வைத்த வகுப்பு

சந்தனக் கல்லில் சங்கை இழைக்கும்போது ‘கர்ர், கர்ர்’ என்று ஓர் ஓசை வரும்; கேட்டால் பல் கூசும். கூசினால் கூசட்டும், முகம் தெளிந்தால் போதும் என்று, காலைக் காப்பிக்கு முன்பே சித்தியின் எதிரில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்குப் பதினைந்து வயது. மயிலாப்பூரில் எங்கள் கூட்டுக் குடும்பத்தில் சமையல் அம்மாவின் இலாகா, முகங்கள் சித்தியின் இலாகா.

முகம் முழுக்க அப்புகிற வேலையே சித்தியிடம் கிடையாது. ஒவ்வொரு பருவுக்கும் தனி வைத்தியம். புதிதாகத் தலைகாட்டும் ‘மொட்டு’க்குச் சங்கு, பழுத்ததற்கு ஜாதிக்காய், ஆறிக் கறுத்த வடுவுக்கு வெறும் சந்தனம். ஈர்க்குச்சியின் நுனியால் தொட்டுப் பருவின் தலையில் மட்டும் ஒரு புள்ளி வைப்பாள். பக்கத்துத் தோலில் வழிந்துவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். “தானா காஞ்சு உதிரணும். நடுவுல தண்ணி பட்டுதோ, ஒண்ணு ரெண்டாயிடும்” என்று தினமும் மிரட்டுவாள். நான் அதை வேதவாக்காக நம்பினேன்.

அந்த வருஷம் எங்கள் வகுப்பைப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை படம் எடுத்துக்கொண்டதில்லை. போதாததற்கு, வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கோடையிலேயே கல்யாணம். இனி எல்லோரும் ஒன்றாக நிற்கப் போவதில்லை. அந்தப் படத்தில் நான் அழகாக இருந்தே ஆகவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது, திங்கட்கிழமை மூக்கு நுனியில் ஒன்றும் இடது கன்னத்தில் இரண்டுமாக மூன்று பருக்கள் வந்து இறங்கின. படம் வெள்ளிக்கிழமை. “வியாழன் சாயங்காலம் உதிர்ந்துடும், கவலைப்படாதே” என்று சித்தி நாள் குறித்துக் கொடுத்தாள்.

படக்காரர் வியாழக்கிழமை காலையிலேயே முக்காலிப் பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்து நின்றார். “நாளிக்கு மாம்பலத்துல ஒரு கல்யாணம் கீது டீச்சரம்மா, அதான் இன்னிக்கே வந்துட்டேன்” என்றார். நானோ மூன்று வெள்ளைப் புள்ளிகளோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போய் மூஞ்சியைக் கழுவிண்டு வா. ஒருத்தி மட்டும் புள்ளியும் கோலமுமா நின்னா படமே கெட்டுப்போயிடும். இல்லேன்னா நீ நிக்கவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நாற்காலி போடச் சொல்ல வெளியே போனார்.

கழுவினால் மூன்று ஆறாகும்; கழுவாவிட்டால் படத்தில் இடமில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பினேன். பக்கத்தில் இருந்த என் சிநேகிதி அலமேலு, படிப்பில் மந்தம், குறுக்கு யோசனையில் மகா கெட்டிக்காரி, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “ஒருத்தி மட்டும்னுதானேடி டீச்சர் சொன்னா? எல்லாரும் வெச்சுண்டா?”

சொன்னவள் கரும்பலகையடியில் கிடந்த சாக்குக்கட்டியை நசுக்கி, பானைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, பரு என்றால் என்னவென்றே அறியாத தன் பளிங்குக் கன்னத்தில் முதல் புள்ளியை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டது. “எனக்கு மோவாயில வை”, “எனக்கு ரெண்டு” என்று நகைக்கடையில் நிற்பதுபோல் ஆளுக்கொரு இடம் கேட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது.

டீச்சர் கூப்பிட்டு நாங்கள் முற்றத்துக்கு வந்தபோதுதான் பதினாறு புள்ளி முகங்களும் அவர் கண்ணில் பட்டன. திட்ட வாயெடுப்பதற்குள் கறுப்புத் துணிக்குள்ளிருந்து படக்காரரின் குரல் வந்தது: “இன்னா டீச்சரம்மா, இஸ்கூல் வழக்கமா? சோக்காத்தான் கீது. வெயில் பூடும், சீக்கிரம் குந்துங்க!” டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இன்று சித்தி இல்லை. அந்தச் சங்கு பாகப்பிரிவினையில் யார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. என் பேத்தி குழாயிலிருந்து களிம்பைப் பிதுக்குகிறாள். ‘பருவின் மேல் மட்டும் தடவவும்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது. சித்தி பார்த்திருந்தால், தன் வைத்தியத்தைத் திருடிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போயிருப்பாள். அலமேலுவும் போய்விட்டாள். அவளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

படம் மட்டும் கூடத்தில் தொங்குகிறது. அதில் யாருக்கு நிஜப் பரு என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை, பாவம்?”